கிளிமீன் கழுத்து நிறம்

தீவின் லம்பா லைன் பகுதியில் கிளமெண்ட் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் வீட்டு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "அந்தக் கார் நிக்கிற வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தாழ்வான, கூரையில்லாத பழைய பந்தயக் கார் அது. இங்கிலாந்தில் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும். வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத காற்சட்டையுமாக கிளமெண்ட் ஓட்டுவார். பக்கத்தில் அமுதம், பறக்கிற முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுபத்தொரு வயதாகியும் கிளமெண்டின் முதுகு இருக்கையில் சாய்ந்ததை எவரும் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி, "சலாம், சாச்சா!" என்பார்கள். அவர் வலது கையைத் தூக்குவார். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான். மீதிப் பாதியை, அவர் எஞ்சின் டிரைவராக வேலை பார்த்த அரசாங்கப் படகின் பெல்ட் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

காரின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பச்சை இல்லை. நீலம் என்றால் நீலமும் இல்லை. கிளிமீனைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அதன் கழுத்தருகே ஒரு நிறம் மின்னும். மீன் கூடையில் விழுவதற்குள் மங்கிவிடும். அந்த நிறம். அப்படிப் பெயர் வைத்தவர் கிளமெண்டின் தகப்பனார் அந்தோணிமுத்து.

அந்தோணிமுத்து தூத்துக்குடியிலிருந்து தீவுக்கு வந்து, கப்பல் அணையும் ஜெட்டியில் சரக்கு இறக்கும் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். அறுபத்தாறாம் வருடம் துறைமுகப் பொறியாளர் ஒருவரின் கார் கப்பலில் வந்தது. கிரேனில் தூக்கி இறக்கும்போது ஒரு பக்கக் கயிறு நழுவிவிட்டது. கார் காற்றில் சுழன்று ஓர் இரும்புத் தூணை நோக்கி வந்தது. எல்லோரும் விலகி ஓட, அந்தோணிமுத்து மட்டும் தூணுக்கும் காருக்கும் நடுவே போய்த் தன் இடது தோளைக் கொடுத்தார். தோள் எலும்பு நொறுங்கியது. காரில் ஒரு கீறல் இல்லை. ஐந்து வருடம் கழித்துத் தீவை விட்டுப் போன பொறியாளர் காரையும் அதன் காகிதங்களையும் அவரிடமே கொடுத்தார். "இது உன் தோளுக்குச் சேர வேண்டியது" என்றார்.

அப்படி வந்த கார். தகப்பனார் உயிரோடு இருந்தவரை அதன்மேல் ஒரு பிரஷ் பட்டதில்லை. அவருக்குப் பிறகு மூத்த மகன் கிளமெண்டும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. நல்ல தண்ணீரில் கழுவுவார், பருத்தித் துணியால் ஒற்றியெடுப்பார், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் பெயருக்காக யாரோ ஒருவர் எலும்பைக் கொடுத்திருக்கிறார் என்றால், பின்னால் வருகிறவர்கள் முதுகையாவது நிமிர்த்தி வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆனால் அறுபது வருட உப்புக்காற்று யாருடைய பெருமையையும் பார்ப்பதில்லை. எஞ்சினுக்கு மேலிருக்கும் முன்மூடி வெளுத்துச் சுண்ணாம்பாக உதிர்ந்தது. சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் காய்ந்த மீன் செதிலாகச் சுருண்டு, அடியில் துரு தெரிந்தது. அமுதத்துக்கு அது வருத்தம்தான். வாயைத் திறந்து சொன்னதில்லை.

ஜூன் மாதம் ஒரு சுற்றுலாப் பயணி மாதா கோயில் வாசலில் நின்ற காரைப் படம் எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் வாரம் கிளமெண்டின் போன் அடித்தது.

"வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இருந்து ஈஸ்வரன் பேசறனுங்க. உங்க கார் போட்டோ பாத்தேன். ஏனுங்க, அந்தக் கலர் அசலுங்களா?"

"கார் விக்கிறதுக்கு இல்ல சார்."

"வாங்கறதுக்குக் கேக்கலைங்க. கலரைப் பாக்கறதுக்குக் கேக்கறேன்."

இதற்காகவே அலைகிற ஆட்கள் உண்டு என்பது கிளமெண்டுக்கு அன்றுதான் தெரிந்தது. நாடு முழுவதும் நாற்பது பேர் கொண்ட ஒரு குழு. அவர்களுக்கு எஞ்சினைவிட, வேகத்தைவிட, கார் பிறந்தபோது போட்டிருந்த நிறம்தான் பெரிது. ஒரு பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு மஞ்சள் உண்டா இல்லையா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுவார்களாம். கிளமெண்ட் காரின் நிறம் அந்த இங்கிலாந்துக் கம்பெனியே ஒரே ஒரு பருவம் அடித்துப் பார்த்துவிட்டு, வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நிறுத்திய நிறம். கம்பெனிப் பதிவேட்டில் அதற்குப் பெயர்கூட இல்லை, ஓர் எண் மட்டும்தான். ஈஸ்வரனிடம் இருப்பதும் அதே கார், அதே நிறத்தில் பிறந்தது. யாரோ எப்போதோ சிவப்பு அடித்துவிட்டார்கள்.

"கதவுக் கீல் மறைவுல ஒரு அரிசி அளவு பழைய கலர் இருந்துச்சுங்க. மெக்கானிக் சுத்தம் பண்றேன்னு அதையும் தேய்ச்சுட்டாரு. அன்னிக்கு நான் சோறு திங்கலைங்க. எட்டு வருசமா தேடறேன். புதுப் பெயிண்ட்ட எவன் வேணா அடிக்கலாமுங்க. பழைய பெயிண்ட்ட எவனாலும் அடிக்க முடியாது பாருங்க."

கிளமெண்டுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

"எங்க அப்பா தோளைக் குடுத்துக் காப்பாத்துன பெயிண்ட் சார் இது. ஒரு பிரஷ் பட்டதில்ல. அந்தோணிமுத்து மகன் சொல்லுதேன், நம்பி வாங்க" என்றார்.

சொன்ன சொல் அது. அதற்கு மேல் அவர் மனைவியிடம்கூட எதையும் விளக்கவில்லை. "சனிக்கிழமை மெயின்லேண்ட்ல இருந்து ஒரு பெரிய மனுசர் வாராரு. அப்பா காரோட கலரைப் பாக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார். அது போதும் என்று நினைத்தார்.

அந்த வாரம் பாராடாங்கில் ஒச்சப்பன் மகளுக்குக் கல்யாணம். ஒச்சப்பன் அவரோடு ஒரே படகில் இருபது வருடம் வேலை பார்த்த மதுரைக்காரர். பாராடாங் காட்டுக்கு அப்பால் இருக்கிறது. காட்டுப் பாதையில் வண்டிகளைக் கூட்டமாக, போலீஸ் காவலோடு, கான்வாயாகத்தான் விடுவார்கள். செவ்வாய் போய்ப் புதன் திரும்புவதாகச் சொல்லிவிட்டு கிளமெண்ட் கிளம்பினார்.

பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒச்சப்பன் சும்மா இருக்கவில்லை.

"ஏப்பா கிளமெண்டு, என் வீட்டு விசேசத்துக்கு மூணு மணிக்கு எந்திரிச்சு, கான்வாய் புடிச்சு, காடு தாண்டி வந்துட்ட. பாம்பூஃப்ளாட் ஃபெரியில கால் மணி நேரம். அதுக்குத்தான் உனக்கு வழி தெரியல!"

"சாம்பார் ஆறுது. அடுத்த பந்தியப் பாரு" என்றார் கிளமெண்ட்.

பாம்பூஃப்ளாட்டில் இருப்பவர் ஜஸ்டின், கிளமெண்டின் ஒரே தம்பி. படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவருடைய மகள் சோபியா, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை முத்துராஜைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த இந்துக் குடும்பம். "கோயில்ல நடக்காதது கல்யாணமா?" என்றார் கிளமெண்ட். "எம் மவ சந்தோசமா இருக்கா, அது போதும்" என்றார் ஜஸ்டின். கோயில் முற்றத்தில் நாலு பேர் கேட்க, "இன்னையில இருந்து எனக்குத் தம்பி இல்ல" என்றார் கிளமெண்ட். அது நடந்து பதினோரு வருடம். சொன்ன சொல் அதுவும்தான்.

புதன்கிழமை பேய்மழை. காட்டுப் பாதையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஜெட்டியில் இருந்தவன், "பந்த் ஹை, சாச்சா. கல் தேக்கேங்கே" என்றான். வழி அடைத்திருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்கிறான். மறுநாளும் அதையே சொன்னான். போனில் சிக்னல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கிளமெண்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை விமானத்தில் ஈஸ்வரன் வருகிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனார்.

கதவைத் திறக்கும் முன்பே வாசனை வந்தது.

உள்ளே கார் மின்னிக்கொண்டு நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகி ஜெட்டி ஓரம் நின்றார். கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தபோது இருந்த அதே நிறம். வெளுக்காத, உதிராத, ஈரமான கிளிமீன் கழுத்து. அடுத்த நொடி விரலை வைத்துப் பார்த்தார். பிசுபிசுத்தது. படகுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட்.

"அமுதம்!"

சமையலறையிலிருந்து அவர் சிரித்த முகமாக வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

"யாரு இதத் தொட்டது?"

"கொழுந்தன்தான். நான்தான் ஆள் அனுப்பிக் கூப்புட்டேன்."

"ஏளா, என்ன காரியம் பண்ணியிருக்க!"

"வாரவரு கலரு பாக்கத்தான வாராருன்னு சொன்னீய? அப்பக் கலரு நல்லா இருக்க வேண்டாமா? திருநாளுக்கு ஒரு சொந்தக்காரன் வந்தாலே பெயிண்ட் அடிக்காத படகக் காட்ட மாட்டோம். பிளேன் ஏறி ஒருத்தர் வாராரு. துருவும் சொறியுமா காட்டி, அந்தோணிமுத்து மக்க வச்சிருக்க லட்சணத்தப் பாருன்னு சிரிக்க விடவா?"

"அப்பா தோளக் குடுத்த பெயிண்ட்!"

"நானும் அதத்தான் கொழுந்தன்கிட்ட சொன்னேன். 'மதினி, அப்பா தோளக் குடுத்தது காரு அடிபடக் கூடாதுன்னு. துருப்புடிச்சுச் சாவட்டும்னு இல்ல'ன்னாவ. மூணு நாளு. தார்ப்பாய் கட்டி, உப்புத்தாளப் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு கோட்டு. ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல. 'அண்ணன் வீட்டுல அண்ணன் கூப்புடாமக் குடிக்க மாட்டேன்'னுட்டாவ. எல்லாம் முடிச்சுப் போகையில, 'நான் அடிச்சேன்னு சொல்லாதிய, அண்ணனுக்குப் புடிக்காது'ன்னு சொல்லிட்டுப் போனாவ." அமுதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. அப்புறம் திட்டுங்க."

கிளமெண்டால் திட்ட முடியவில்லை. பழைய பெயிண்ட்டைப் பார்க்கத்தான் அந்த மனிதர் வருகிறார் என்பதை இப்போதுதான் முதல்முறையாக விளக்கிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அமுதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

கிளமெண்ட் கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

அன்று அவரும் சோறு தின்னவில்லை. ஈஸ்வரனை வர வேண்டாம் என்று சொல்லலாமா? அவர் ஏற்கெனவே சென்னைக்கு வந்து விமானத்துக்காகக் காத்திருக்கிறார். கொடுத்த சொல் பொய்த்துவிட்டது, அதை எப்படியாவது நிமிர்த்த வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். "நான் ஊரில் இல்லாத சமயம், விவரம் தெரியாத ஒரு பெயிண்டர், எவனோ, என்னைக் கேட்காமல் அடித்துவிட்டான்." அதில் பொய் இல்லை. தம்பியே இல்லை என்று ஊரறியச் சொல்லியாயிற்று. அப்படியானால் அவன் எவனோதானே?

காலை எட்டரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஒல்லியான, கண்ணாடி போட்ட, அறுபது வயது மனிதர் இறங்கினார். கையில் ஒரு தோல் பெட்டி. அதற்குள் நூற்றுக்கணக்கான நிறப் பட்டைகளும், நிறத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியும், ஒரு டார்ச்சும் இருந்தன. குழந்தையைப் பார்க்க வந்தவர்போல அமுதத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் மைசூர்பாகும் கொண்டுவந்திருந்தார்.

"மொதல்ல காப்பி குடிங்க சார்."

"மன்னிச்சுக்கோணுங்க. பாத்துட்டுக் குடிக்கறனே. எட்டு வருசமுங்க."

கொட்டகைக் கதவைக் கிளமெண்ட் திறந்தார். ஈஸ்வரன் இரண்டு அடி எடுத்து வைத்தார், நின்றார். மூக்கு அவருக்குச் சொல்லிவிட்டது. முழங்காலில் அமர்ந்து, சக்கரத்தின் மேல்விளிம்பில் டார்ச் அடித்து, கன்னத்தைக் காரோடு ஒட்டி நீளவாக்கில் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. அப்படியே பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க," என்றார் மெதுவாக. "இது யாருங்க அடிச்சது?"

கிளமெண்ட் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தார். "நான் ஊர்ல இல்லாத சமயம், விவரம் தெரியாத ஒரு..."

அதற்கு மேல் வரவில்லை. மூன்று நாள் ஒரு வாய் காப்பி குடிக்காமல் அடித்தவனை எவனோ என்று சொல்ல நாக்கு எழவில்லை. விருந்தாளி முன்னால் சொந்த ரத்தத்தை மறைத்துத்தான் குடும்பப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்தப் பெயரை அப்பா எதற்குத் தோளைக் கொடுத்து வாங்கினார்?

"என் தம்பி," என்றார். "என் கூடப் பொறந்தவன், ஜஸ்டின். நீங்க வாரதுனால காரு நல்லா இருக்கணும்னு மூணு நாளாத் தேய்ச்சு அடிச்சிட்டான். பழசத்தான் நீங்க பாக்க வாரீங்கன்னு நான் யாருக்கும் சொல்லல. தப்பு என்னுது. உங்ககிட்ட சொன்ன சொல்லு நிக்கல சார். மன்னிக்கணும்."

அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அமுதம் பார்த்ததில்லை. கதவோரம் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டுக்கு வெள்ளை அடிக்கறதில்லைங்களா, அந்த மாதிரிதானுங்களே? எனக்காக மூணு நாள் ஒருத்தர் வேலை செஞ்சிருக்காருங்க. கோவப்பட்டா நான் மனுசனே இல்லை." சொல்லிவிட்டு மறுபடியும் டார்ச்சை எடுத்தார். "உள்ளாற எங்கியாச்சும் விட்டிருப்பாருங்களா? அரிசி அளவு போதுமுங்க."

"அவன் படகுக்காரன் சார். இண்டு இடுக்கு விட மாட்டான். விட்டா அதுவழியா உப்பு ஏறிடும்."

இருந்தாலும் தேடினார்கள். கதவுக் கீல்கள், இருக்கைக்கு அடி, பின்பெட்டியின் உள்மூடி. எல்லா இடத்திலும் புதுப் பெயிண்ட், ஒரு சொட்டு வழியாமல், பிரஷ் தடம் தெரியாமல். தேடத் தேட ஈஸ்வரனின் முகம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. நிறத்தைக் காணாத துக்கத்தோடு, அடித்தவன் கையை மெச்சாமலும் அவரால் இருக்க முடியவில்லை. "சுத்தமான வேலைங்க, சுத்தமான வேலை" என்று முனகிக்கொண்டே தேடினார்.

"படகா இருந்தா அணியத்துலயாவது விட்டிருப்பான்" என்றார் கிளமெண்ட், பெருமூச்சோடு.

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது.

பனிமய மாதா திருநாளுக்கு முன்னால் வருடா வருடம் அப்பா குடும்பப் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார். அடிக்கும் முன் மகன்கள் இருவரையும் கூப்பிடுவார். படகின் முன்முனையான அணியத்தில், உள்பக்கமாக, இருவரும் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்க வேண்டும். கையைச் சுற்றி அப்பா பிரஷை ஓட்டுவார். கையை எடுத்தால் அந்த இடத்தில் மட்டும் பழைய பெயிண்ட் கையாகவே நிற்கும். அடுத்த வருடம் நிறம் கலக்கும்போது ஒத்துப் பார்க்க அதுதான் அளவு. மூத்தவன் கை வலப்பக்கம், இளையவன் கை இடப்பக்கம். "லே, அசையாதலே!" என்று அப்பா அதட்டுவார். பிரஷ் விரலிடுக்கில் கூசும்போது ஜஸ்டின்தான் முதலில் சிரிப்பான்.

காருக்கு எது அணியம்?

கிளமெண்ட் முன்பக்கம் போய், கொக்கியை விடுவித்து, முன்மூடியைத் தூக்கினார்.

மூடியின் உள்பக்கம் முழுக்கப் புதுப் பெயிண்ட். அதன் முனையில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கைகள். தேய்க்காத, தொடாத பழைய பெயிண்ட். சூரியனைப் பார்க்காத இடம் என்பதால் வெளுக்கவும் இல்லை. இடப்பக்கக் கை, அகன்ற குட்டை விரல்களோடு ஜஸ்டினுடையது. வலப்பக்கக் கை நீளமானது. அதை வைக்க ஆள் அன்று ஊரில் இல்லை. நினைவிலிருந்தே வரைந்திருக்கிறான். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

ஈஸ்வரன் பார்த்தது நிறத்தை மட்டும். "அய்யோ சாமி!" என்று கத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார். கருவியை இடப்பக்கக் கைத்தடத்தின்மேல் வைத்தார், எண்ணைப் படித்தார், இன்னொரு முறை வைத்தார். பட்டைகளை விரித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "வெளிய இருந்தது வெளுத்ததுங்க. இதுதானுங்க அசல். இப்படியொரு இடம் யாருக்குமே கெடைச்சதில்லைங்க." பிறகு கருவியைப் புதுப் பெயிண்ட்டின்மேல் வைத்தவர் நிமிர்ந்தார். "இதென்னங்க அநியாயம்? மெசின் இல்லாம, வெறுங் கண்ணுல பாத்துக் கலந்தாரா உங்க தம்பி? ஒரு நூலுதான் வித்தியாசம். என் காருக்கு இவருதானுங்க கலந்து குடுக்கோணும். அவரை நான் பாக்கலாமுங்களா?"

கிளமெண்ட் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. வலது கையைத் தூக்கி, அந்த வலப்பக்கக் கைத்தடத்தின்மேல் பதித்துக்கொண்டு நின்றார். விரலுக்கு விரல் பொருந்தியது. கட்டைவிரலின் வளைவுகூடத் தப்பவில்லை. படகு பெல்ட் விரலை இழுத்த அன்று, ரத்தம் சொட்டச் சொட்ட அந்தக் கையைத் தன் சட்டைக்குள் சுற்றிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டு வந்தவன் ஜஸ்டின். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று அவனுக்குத் தெரியாதா?

கையை எடுத்துவிட்டு, "அமுதம், சாவியக் கொண்டா" என்றார்.

"காப்பி?"

"வந்து குடிப்போம்."

சனிக்கிழமையில் அந்தக் கார் சாலைக்கு வந்ததை லம்பா லைன் அன்றுதான் பார்த்தது. சாத்தம் ஜெட்டியில் ஃபெரிக்குள் காரை ஏற்றும்போது டிக்கெட் கொடுப்பவன், "அரே சாச்சா, நயா காடி?" என்றான். புது வண்டியா என்று கேட்கிறான். "என் தம்பி அடிச்சது" என்று தமிழிலேயே சொன்னார் கிளமெண்ட். அவனுக்குப் புரிந்ததா என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஈஸ்வரன் வழியெல்லாம் கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

பாம்பூஃப்ளாட் கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு சின்ன டிங்கிப் படகுக்குப் பக்கத்தில் ஜஸ்டின் குந்தியிருந்தார். தலை நரைத்திருந்தது. பதினோரு வருடத்தில் இவ்வளவு நரையா என்று கிளமெண்டுக்கு இருந்தது. கார் சத்தம் கேட்டுத் திரும்பியவர், பிரஷும் கையுமாக எழுந்து நின்றார். திட்டு வாங்கத் தயாராக நிற்கிற நிலை.

கிளமெண்ட் இறங்கி, காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார். வழக்கமான நிமிர்ந்த முதுகோடு பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சுண்டுவிரல இன்னும் கொஞ்சம் நீளமாப் போட்டிருக்கலாம்."

ஜஸ்டின் எட்டிப் பார்த்தார். "இல்லண்ணே. அது அவ்வளவுதான். வேணும்னா வச்சுப் பாரு."

"வச்சுப் பாத்துட்டேன்."

பெயிண்ட் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜஸ்டின் கைலியில் துடைத்தார்.

"பழசத்தான் அவரு பாக்க வந்தாராம்லா? மதினி காலையில போன் பண்ணிச் சொன்னாவ. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சுண்ணே. கெடுத்துட்டனா?"

"அவரையே கேளு."

ஈஸ்வரன் கேட்பதற்குக் காத்திருக்கவில்லை. ஜஸ்டினின் பெயிண்ட் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, எந்த நீலத்தில் எந்த மஞ்சளை எத்தனை சொட்டு விட்டார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஜஸ்டினுக்குக் கொங்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. "கணக்கெல்லாம் இல்லீங்க சார். கிளிமீன நினைச்சுக்கிட்டே ஊத்துனேன்" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. பத்தரை மணி ஃபெரி திரும்பிப் போக ஹாரன் அடித்தது. கிளமெண்ட் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஜஸ்டின்."

"சொல்லுண்ணே."

"விருந்தாளி காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அந்தோணிமுத்து வீட்டுக்கு வந்தவர ஹோட்டல்ல சாப்பிட வச்சா ஊரு என்ன சொல்லும்?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சோபியா வீடு இங்கதான பக்கத்துல? நாலு பேருக்குச் சோறு கூடப் போட முடியுமா அவளால?"

ஜஸ்டின் தலையைப் பலமாக ஆட்டினார்.

"நாலு பேரு யாருண்ணே? நாம மூணு பேர்தான?" என்றார் கடைசியில்.

"உன் மதினிக்குப் போன் பண்ணு. அடுத்த ஃபெரியில வரச் சொல்லு. அந்த மைசூர்பாகையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்கு மொதத் தடவை போறோம், வெறுங்கையோடவா போக?"